காமாலை என்று சொன்ன வீடு

மழை பிடித்துக்கொண்டால் மாவு சொன்ன பேச்சு கேட்காது. வெயில் காலத்தில் மூடி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பொங்கி வழிகிற அதே மாவு, ஈரக்காற்று அடிக்கிற நாளில் பாத்திரத்துக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும். ரொட்டிக்காரர் அதன் மேல் சாக்கைப் போர்த்தி, அடுப்புப் பக்கமாக நகர்த்தி வைத்து, "எழுந்திரு ராஜா, எழுந்திரு" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். பெற்ற பெண்ணைக்கூட இந்த மனுஷன் இப்படிக் கொஞ்சினதில்லை என்று அவர் மனைவி வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அது சும்மா பேச்சுக்குச் சொல்வது. போன வருஷம் முழுக்க அவர் பெண்ணிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்னால் கடை, பின்னால் அடுப்பு, மாடியில் இரண்டு அறை. அடுப்பின் சூடு சுவரோடு ஏறி மாடிக்கும் வரும் என்பதால் மழைக்காலத்தில் அந்த வீட்டுக்குப் போர்வை தேவையில்லை. வெயில் காலத்தில் மூன்று பேரும் ரொட்டியோடு ரொட்டியாக வெந்தார்கள். அடுப்படி அவருக்கு, கல்லா அவளுக்கு. தெருவே அவளைக் கடைக்காரி என்றுதான் கூப்பிடும். ரொட்டியை வெட்டுவதிலும் காகிதத்தில் சுற்றி நூல் கட்டுவதிலும் அவளுக்குக் கை வேகம். வாய் அதைவிட வேகம். வந்தவர்கள் வீட்டு விஷயத்தையெல்லாம் விசாரித்து முடித்த பிறகுதான் பொட்டலம் அவள் கையை விட்டு நகரும்.

ஒரே பெண், பதினாறு வயசு. ஓயாத பேச்சுக்காகச் சின்ன வயதிலேயே சிட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தச் சிட்டுக்குப் போன வருஷம் முதலில் பேச்சு நின்றது, அப்புறம் சாப்பாடு, அப்புறம் பள்ளிக்கூடம். மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. ரொட்டிக்காரர் மாவுக் கையோடு படியேறிப் போய்க் கட்டில் ஓரத்தில் நிற்பார்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலப்பா."

"அப்புறம் ஏம்மா?"

"தெரியலப்பா."

அதற்கு மேல் கேட்க அவருக்கும் தெரியாது, சொல்ல அவளுக்கும் தெரியாது. 

பொதுமருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே குழந்தைகள் மனநலப் பிரிவில் ஒரு டாக்டரம்மா சிட்டுவோடு மணிக்கணக்காக உட்கார்ந்தாள். மருந்தும் கொடுத்தாள். சட்டென்று எதுவும் மாறிவிடவில்லை. ஒரு நாள் சிட்டு தலை பின்னிக்கொண்டாள். இன்னொரு நாள் கீழே இறங்கி வந்து, சூடான பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அன்றைக்கு ரொட்டிக்காரர் ஒரு தட்டு பிஸ்கட்டைக் கருகவிட்டார். அதைப் பற்றி அவருக்கு இன்றைக்கு வரைக்கும் வருத்தமில்லை.

இது வீட்டுக்குள் நடந்த கதை. தெருவுக்குத் தெரிந்த கதை வேறு.

சிட்டு படுத்த புதிதில், எதிர் வீட்டுத் தையலக்கா ரொட்டி வாங்க வந்தவள், "எங்கடி பொண்ணைக் காணோம்?" என்று கேட்டாள். கடைக்காரியின் கையில் அப்போது வெண்ணெய்க் கட்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு வாயில், "காமாலைக்கா" என்று வந்துவிட்டது. வேறு மஞ்சள் எதையாவது பார்த்திருந்தாலும் அதுதான் வந்திருக்குமோ என்னமோ. சொன்ன பிறகு விழுங்க முடியுமா? மறுநாள் காலையில் தையலக்கா ஏதோ இலையை இடித்துப் பிழிந்து, பச்சைப் பசேலென்று ஒரு டம்ளர் சாறோடு வந்து நின்றாள்.

"வெறும் வயித்துல குடிக்கணும். நான் நின்னு பார்க்கக் குடிச்சாத்தான் எனக்குத் திருப்தி."

சிட்டு குடித்தாள். தினம் காலையில் தையலக்கா மெஷினை மிதிக்க உட்காருவதற்கு முன்னால் சாறோடு வருவாள், கட்டிலில் உட்காருவாள், குடித்து முடிக்கும் வரைக்கும் ஊர்க்கதை பேசுவாள், காலி டம்ளரோடு போவாள். அவள் இருக்கும்போது வீட்டில் உப்பில்லாத கஞ்சி. எண்ணெய் வாசம் வெளியே போகக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி வைத்துச் சமைத்தாள் கடைக்காரி. பார்க்க வந்த யாரோ, "கண்ணு மஞ்சளாவே தெரியலையே" என்றபோது, "இறங்கிடுச்சு, நேத்துதான் இறங்குச்சு" என்று சமாளித்தாள். அவளுக்கே சில சமயம் காமாலைதானோ என்று தோன்றியது.

சிட்டு தேறிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு டாக்டரம்மா ஒரு காரியம் செய்தாள். வைத்தியம் பார்த்துக்கொண்டு தேறிய பிள்ளைகளில் சிலரைக் கூப்பிட்டு, இந்தப் பிரிவை எப்படி நடத்தினால் நல்லது, பள்ளிக்கூடங்களில் மனநலப் பாடத்தை எப்படி எடுத்தால் காதில் ஏறும், நீங்களே சொல்லுங்கள் என்று ஒரு ஆலோசனைக் குழு போட்டாள். சிட்டுவையும் சேர்த்துக்கொண்டாள்.

"டாக்டருக்கே யோசனை சொல்றாளாம் உன் பொண்ணு," என்று ரொட்டிக்காரர் மார்தட்டுவார். குழு கூடும்போதெல்லாம் பஸ்ஸில் கூட்டிப் போவது அவர்தான்.

"மெதுவாப் பேசுங்க. தெருவுல கேக்கப் போகுது," என்பாள் கடைக்காரி.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அடுப்பின் அடித்தளத்துச் செங்கல் விரிசல் விட்டுவிட்டது. கொத்தனார் வந்து பாதி உடம்பை அடுப்புக்குள் நுழைத்துக்கொண்டு கிடந்தார். அவர் கேட்கும்போதெல்லாம் செங்கல்லும் களிமண்ணும் எடுத்துக் கொடுக்க ரொட்டிக்காரர் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் குழு கூடும் நாள்.

"நீ போயிட்டு வாயேன்," என்றார்.

"நானா? நான் போய் என்ன பண்ண?"

"நான் போய் என்ன பண்றேன்? பின்னால பெஞ்சுல உக்காந்து தூங்கறேன். நீயும் தூங்கு."

கடைக்காரிக்குத் தூக்கம் வரவில்லை. மருத்துவமனையில் சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்றைக் காலி செய்து பிள்ளைகளுக்கு விட்டிருந்தார்கள். ஜன்னலில் மழை அடித்தது. பெற்றவர்கள் உட்காரப் பின்னால் ஒரு பெஞ்சு. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், டாக்டரம்மாவும் அவர்களோடு தரையில். கடைக்காரிக்கு முதலில் அதுவே ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் பிள்ளைகள் பேசின பேச்சைக் கேட்டதும் வாயைப் பிளந்துவிட்டாள்.

"'மனநலப் பிரிவு'ன்னு எழுதின போர்டை பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வச்சது யாரு டாக்டர்?" என்றான் ஒரு நெட்டைப் பையன். "உள்ள நுழையறப்ப எங்க ஸ்கூல் பஸ்ஸே என்னைப் பார்த்துச்சு."

"திருப்பச் சொல்லிட்டேன். ஆள் வரணும்."

"ஆள் வேணாம், ஏணி குடுங்க. நானே திருப்பறேன்."

கண்ணாடி போட்ட ஒரு பெண், நாற்காலிகளை எதிரும் புதிருமாகப் போடாதீர்கள், அழுதுகொண்டு காத்திருக்கிறவர்கள் யார் முகத்தைப் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் ஜன்னல் பக்கம் திருப்புங்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில் 'எது இருந்தாலும் வந்து சொல்லு' என்கிறார்களே, எங்கே வந்து சொல்வது, ஆசிரியர்கள் அறையில் அத்தனை பேர் டிபன் சாப்பிடும்போதா என்று இன்னொருவன் கேட்டான். டாக்டரம்மா ஒன்றுக்கும் கோபித்துக்கொள்ளவில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"சரி, இதையெல்லாம் நான் பார்த்துக்கறேன். உங்களுக்கு இருந்ததுல ரொம்பக் கஷ்டம் எது? அதைச் சொல்லுங்க," என்றாள்.

சிட்டுதான் ஆரம்பித்தாள்.

"எனக்குக் காமாலை, டாக்டர்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"வெளியில அப்படித்தான் சொல்லியிருந்துச்சு. யாராவது வந்தா காமாலைக்காரி மாதிரி இருக்கணும். உப்பில்லாம சாப்பிடணும். சாறு குடிக்கணும். 'இப்ப எப்படி இருக்கு'ன்னு கேட்டா, 'வாந்தி நின்னுடுச்சு'ன்னு சொல்லணும். எனக்குப் பேசறதே பெரும்பாடா இருந்துச்சு. அதுலயும் பொய் வேற பேசணும். நோயைக்கூட எப்படியோ தூக்கிச் சுமந்துட்டேன் டாக்டர். நடிப்பையும் சேர்த்துத் தூக்கினதுதான் முடியல."

பெஞ்சில் கடைக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்து வெளியே போகவும் முடியாது. கதவு பிள்ளைகளின் வட்டத்துக்கு அந்தப் பக்கம்.

"எனக்கு டைஃபாய்டு," என்றான் நெட்டை.

"எனக்கு ஒத்தைத் தலைவலி," என்றாள் கண்ணாடிப் பெண். "தலைவலின்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு இந்தக் கண்ணாடியை வாங்கிப் போட்டாங்க. வெறும் கண்ணாடி. போட்டுப் போட்டு இப்ப கழட்டினா மூஞ்சி நல்லா இல்ல."

வட்டம் முழுக்கச் சிரித்தது. நெட்டை தரையில் அடித்து அடித்துச் சிரித்தான். சிட்டுவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பழைய சிட்டு மாதிரி. கடைக்காரிக்கு அழுகை ஒரு பக்கம் முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, அவள்தான் கண்ணாடி வாங்கிக் கொடுத்தவளாக இருக்க வேண்டும், தலையைக் குனிந்தபடி முனகினாள்: "வேற என்னங்க பண்றது?"

"எனக்கும் தெரியலைங்க," என்றாள் கடைக்காரி.

சிரிப்பு அடங்கியதும் சிட்டு சொன்னாள்: "எங்களுக்குப் பாடம் எடுக்கறது இருக்கட்டும் டாக்டர். வெளியில கேட்டா என்ன சொல்றதுன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுங்க. அவங்க பாவம், திடீர்னு கேட்டா என்ன சொல்லுவாங்க? வாயில வர்ற வியாதியைச் சொல்லிடறாங்க."

அவங்க பாவம் என்ற வார்த்தையைக் கடைக்காரி கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் ஒழுகியது. இரண்டு பேரும் ஒரே பக்கமாக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"கோவமாம்மா?"

"நான் எதுக்குடி கோவப்படணும்?"

"அடுத்து எங்க ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம் இருக்கு. குழுவுல இருந்து என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க. காமாலையை வேணா விட்டுடறேன்."

தையலக்காவின் பையனும் அதே பள்ளிக்கூடம். அவள் வராமல் இருக்க மாட்டாள். கடைக்காரி வெளியே ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். விட்டுடு என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் இன்னொரு மூட்டையைத் தூக்கிப் பெண் தலையில் வைக்கிற மாதிரி.

"விடாதே," என்றாள். "நான் முன்னாடியே அக்காகிட்ட சொல்லிக்கறேன்."

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. மறுநாள் தையலக்கா ரொட்டிக்கு வந்தபோது, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்து, "மழையில ஈஸ்ட்டே சரியில்லக்கா," என்று முடித்தாள். அடுத்த நாள் ரஸ்க்கை உயர்த்திப் பேசினாள். கடைசியில் கடையைப் புருஷனிடம் விட்டுவிட்டு எதிர் வீட்டுக்கே போனாள்.

தையலக்கா மெஷினில் பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள். "உக்காரு" என்று கண்ணால் சொன்னாள். கடைக்காரி துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"போன வருஷம் சிட்டுவுக்குக் காமாலை இல்லக்கா."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவளுக்கு மனசு சரியில்லாம இருந்துச்சு. சாப்பிடல, பேசல. சாகணும்னுகூட டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. எனக்குச் சொல்ல வாய் வரலக்கா. காமாலைன்னுட்டேன்."

மெஷின் நின்றது. தையலக்கா வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினாள்.

"அந்த இலை எங்க கிடைக்கும் தெரியுமா உனக்கு? ரயில் பாதைக்கு அந்தாண்டை. தினம் விடியறப்ப போய்ப் பறிச்சுட்டு வந்தேன். முள்ளு கிழிச்சுது. சேத்துல விழுந்தேன்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் வாங்கி வாங்கிக் குடுத்தே. அந்தப் பிள்ளையும் மூஞ்சி சுளிக்காம குடிச்சுது. நான் ஒரு கிறுக்கி, பச்சைத்தண்ணியைத் தூக்கிட்டு தினம் வந்தேன்."

"அப்படி இல்லக்கா..."

"என் வீட்டுக்காரர் குடிச்சுட்டு ரோட்டுல விழுந்து கிடந்தப்ப யார்கிட்டடி வந்து சொன்னேன்? உன்கிட்டதானே? ஒரு வார்த்தை மறைச்சேனா? உன் பொண்ணுக்கு மனசு சரியில்லன்னா நான் என்ன தண்டோராவா போட்டிருப்பேன்? என்னை அவ்வளவுதான் நினைச்சியா?"

கடைக்காரி எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். அய்யோ என்பாள், பெண்ணுக்கு இப்படியா என்பாள், நாலு பேரிடம் சொல்வாள் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள். இந்த இடத்தில் அடி விழும் என்று நினைக்கவே இல்லை.

"போடி. எனக்கு வேலை இருக்கு."

அன்றிலிருந்து தையலக்கா ரொட்டிக்கு வருவதை நிறுத்தினாள். மளிகைக் கடையில் உறை போட்ட ரொட்டியை வாங்கி, கடைக்காரி பார்க்கும்படியாகவே தெருவைக் கடந்து போனாள். "அந்த ரொட்டியை நாய் திங்குமா?" என்று ரொட்டிக்காரருக்குத்தான் தாங்கவில்லை. கல்லாவில் கடைக்காரியின் வாய் ஓய்ந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் அவரவர் வீட்டு விஷயத்தை யாரும் கேட்காமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

நடந்தது சிட்டுவுக்கும் தெரிந்தது. ஒரு நாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. கடைக்காரி மாடியேறிப் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பழைய கேள்விகளெல்லாம் அவள் வாய்க்கு வந்தன. என்ன பண்ணுது, ஏன், நான் என்ன தப்பு பண்ணினேன். எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு கீழே போனாள். பன் போட்டுக் கொடுக்க உறை ஒட்டுகிற பழைய காகிதக் கட்டையும் பசைக் கிண்ணத்தையும் எடுத்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மடித்து, பசை தடவி, ஒட்டி, அடுக்கினாள். கீழே இரும்புத் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. ரொட்டி வேகும் வாசனை ஏறி வந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்ததே இல்லை.

அடுக்கு முழங்கால் உயரத்துக்கு வந்த பிறகு கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பசை ஜாஸ்தி வைக்கற. ஓரமெல்லாம் ஒட்டிக்கும்."

"நீதான் வச்சுக் காட்டேன்."

சிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தாள். ஒரு உறை ஒட்டினாள். இன்னொன்று ஒட்டினாள்.

"பழைய மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டி," என்றாள் கடைக்காரி. "நாளைக்கு டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம்." இன்னொரு உறையை மடித்துக்கொண்டே, "எதிர் வீட்டு அத்தை கோவம் என்னாலதானே?" என்றாள்.

"உன்னால என்ன? நான் பண்ணின கூத்து. கூட்டத்துல பேசணும்னு கட்டாயமில்ல. முடிஞ்சா பேசு. முடியலன்னா பன் தின்னுட்டு வந்துடலாம்."

டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். பெற்றவர்கள் கூட்டத்தன்றும் மழை. பள்ளிக்கூட மண்டபத்தில் நனைந்த குடைகள் வாசலோரம் குவிந்து கிடந்தன. தரையெல்லாம் சேற்றுக் கால்தடம். ரொட்டிக்காரர் கடையைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கடைக்காரி அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் தையலக்கா. பார்வை பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிட்டு மேடையேறி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். படுத்துக் கிடந்ததைச் சொன்னாள். மருத்துவமனை போனதைச் சொன்னாள். உங்கள் பிள்ளை மதிப்பெண் குறைந்தால் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேளுங்கள் என்றாள். பதில் வராவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், எழுந்து மட்டும் போகாதீர்கள் என்றாள். ரொம்ப நாள் சரியாகாவிட்டால் மறைக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றாள். அப்புறம் காமாலையைச் சொன்னாள். கஞ்சியையும் சாற்றையும் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. கடைக்காரிக்கு இந்த முறை அவ்வளவு கூசவில்லை.

"எங்கம்மா மேல தப்பு இல்ல. என்ன சொல்றதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரல. இப்ப அவங்களாவே கத்துக்கிட்டாங்க. 'மனசு சரியில்லாம இருந்துச்சு.' அவ்வளவுதான். இதைச் சொன்னாப் போதும்."

ரொட்டிக்காரர் முன் வரிசையில் மூக்கைச் சிந்தினார். யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று தலைமையாசிரியர் கேட்டார். பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. தையலக்கா எழுந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணு தெரியணும்," என்றாள் தையலக்கா. கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரல். "உண்மையைச் சொல்லியிருந்தா, எதிர் வீட்டுல இருக்கறவ என்ன பண்ணியிருக்கணும்? காமாலைன்னா இலை பறிக்கலாம். இதுக்கு என்ன பறிக்கறது?"

சிட்டு மண்டபத்தின் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"நீங்க தினம் காலையில வருவீங்க அத்தை. கட்டில்ல உக்காந்து ஏதாவது பேசுவீங்க. நான் பதில் சொல்லலன்னாலும் பேசுவீங்க. ராத்திரியெல்லாம் எனக்கு எப்ப விடியும், எப்ப நீங்க வருவீங்கன்னு இருக்கும்." மைக்கை வாய்க்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அதையேதான் பண்ணியிருக்கணும். சாறு மட்டும் வேணாம்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. தையலக்கா நின்றபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அது சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது.

கூட்டம் கலைந்ததும் சிட்டுவைச் சுற்றி நாலைந்து அம்மாக்கள் கூடிவிட்டார்கள். ரொட்டிக்காரர் அவளுக்குக் காவல் மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டார். கடைக்காரி வாசலுக்கு வந்து குவியலில் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குடை விரிந்தது.

"வா," என்றாள் தையலக்கா.

ஒரே குடையில் இருவரும் இறங்கினார்கள். ஒருத்தியின் இடது தோளும் இன்னொருத்தியின் வலது தோளும் நனைந்தன.

"உன்மேல கோவம் இன்னும் போகல," என்றாள் தையலக்கா.

"சரிக்கா."

"நாளைக்குக் காலையில வருவேன். ரொட்டிக்குத்தான் வருவேன், உன்கூடப் பேச இல்ல. அந்த மளிகைக்கடை ரொட்டி மரப்பலகை மாதிரி இருக்கு."

"சரிக்கா."

"அப்புறம் அந்தப் பிள்ளையை நான் வேற தனியாப் பார்க்கணும். கசக்குதுன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா கொஞ்சம் தேன் கலந்திருப்பேனே. சொல்லவே இல்லையே அழுத்தக்காரி. உன் பொண்ணுதானே..."

பேச வரமாட்டேன் என்றவள், தெரு முனை திரும்பும் வரைக்கும் வாயை மூடவில்லை. கடைக்காரி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.